மொழியறியார் எழுதிய வரலாறு

ஓர் இனத்தைப் பற்றி உலகம் அறிந்திருப்பது, பெரும்பாலும் அவ்வினம் தன்னைப் பற்றிச் சொன்னதன்று; வந்து கண்டு சென்ற அயலவன் எழுதி வைத்ததே. எழுதியவன் அம்மக்களின் மொழியை அறிந்தவன்தானா என்று எவரும் வினவுவதில்லை. அவ்வாறு வினவப் புகின், வரலாற்றேடுகளுள் பல மீண்டும் எழுதப்பட வேண்டியனவாகவே இருக்கும். அமைதிப் பெருங்கடலின் நடுவண் அமைந்த சமோவாத் தீவுகளின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

சவாயி, உப்போலு, துத்துயிலா, மனுவா முதலிய தீவுகளால் ஆனது சமோவா. 1973ஆம் ஆண்டில், உப்போலுத் தீவின் மேலைக் கோடியில் உள்ள முலிஃபனுவா என்னுமிடத்தில் படகுத்துறை அமைப்பதற்காகக் கடலடி தோண்டப்பட்டபோது, அழகிய கோலமிட்ட மட்கலத் துண்டுகள் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 2,800 ஆண்டுகட்கு முற்பட்டவை என்று ஆய்ந்தோர் கணித்தனர். எனவே, ஐரோப்பியக் கப்பல்கள் அப்பெருங்கடலுள் புகுவதற்கு ஈராயிரம் ஆண்டுகட்கும் முன்னரே அங்கே மாந்தர் குடியேறி வாழ்ந்தனர் என்பது தெளிவு. திசைகாட்டும் கருவியோ கடற்படமோ இன்றி, விண்மீனையும் அலையையும் காற்றையும் பறவையையும் நோக்கிக் கலஞ்செலுத்தி வந்தவர்கள் அவர்கள். அவர்தம் கால்வழியினரே பின்னர்க் கிழக்கும் வடக்கும் தெற்குமாகப் பரவித் தாயித்தி, அவாயி, ஈசுட்டர்த் தீவு, நியூசிலாந்து ஆகிய நிலங்களைக் கண்டனர். இப்பரந்த நிலப்பரப்புக்குப் 'பாலினீசியா' என்ற பெயரைத் தந்தவரோ, 1756இல் பிரெஞ்சு நாட்டில் இருந்த சார்ல் தெ புரோசு என்பவர். 'பல தீவுகள்' என்னும் பொருள்பட அவர் கிரேக்கச் சொற்களைக் கூட்டி அமைத்த பெயர் அது. அத்தீவுகளில் வாழ்ந்தவருள் ஒருவரும் அப்பெயரை அறியார்.

ஆயின், அம்மக்கள் ஓரினத்தவர் என்பதைக் காட்டும் சான்று அவர்தம் நாவிலேயே இருந்தது. கலத்தைத் தொங்காவினரும் மாவோரியரும் 'வக்கா' என்பர். சமோவர் 'வாஅ' என்பர். பிற தீவினர் ஒலிக்கும் ககரம் சமோவ மொழியில் தொண்டையடைப்பாகத் தேயும். சமோவர் ஒலிக்கும் சகரம் பிற தீவுகளில் வெறும் மூச்சொலியாகத் திரியும். இத்திரிபு நெறிகளை அறிந்தார்க்குச் சவாயி, அவாயி, மாவோரியர் தம் முன்னோர் நிலமாகக் கூறும் அவாயிக்கி ஆகிய மூன்றும் ஒருசொல்லே என்பது விளங்கும். 1769இல் ஆங்கிலேயராகிய குக்கு என்பாரின் கப்பலில் இரையாத்தியாத் தீவினராகிய துப்பையா என்னும் அறிஞர் உடன் சென்றார். தாம் ஒருபோதும் காணாத நியூசிலாந்தில் இறங்கி அவர் தம் மொழியிற் பேசியபோது, மாவோரியர் அதனை விளங்கிக் கொண்டனர். ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடலாற் பிரிக்கப்பட்டும், பல நூற்றாண்டு போக்குவரத்து இன்றியும் மொழியுறவு அறவில்லை. கப்பலில் இருந்த ஐரோப்பியர் அனைவரும் ஊமையராய் நிற்க, அவர் ஒருவரே அவ்விடத்தில் வாய்திறந்து பேச வல்லவராய் இருந்தார்.

சமோவாவில் இறங்கிய முதற் கப்பலினர்க்குத் துப்பையா போன்ற துணை ஒருவரும் வாய்க்கவில்லை. அக்குறையே பின்னர் நேர்ந்த பெருந்தீங்கிற்கு வித்தாயிற்று.

அத்தீங்கினை விளங்கிக் கொள்ள, அம்மக்களின் வாழ்முறையை முதற்கண் அறிதல் வேண்டும். 'அயிங்கா' எனப்படும் விரிந்த குருதியுறவுக் குடியே சமோவக் குமுகாயத்தின் அடிப்படை. ஒவ்வொரு குடிக்கும் வழிவழி வரும் பட்டப்பெயர் உண்டு. அப்பெயரைத் தாங்குதற்குக் குடியினரால் தேர்ந்தெடுக்கப்படுபவர் 'மத்தாய்' எனப்படுவார். நிலம் தனியொருவர் உடைமையன்று. பட்டப்பெயரொடு பிணைந்து குடிக்கு உரியது. மத்தாய்மாருள் 'அலியி' என்போர் தலைமை தாங்குவோர். 'துலாஃபலே' என்போர் சொல்வன்மையால் அவையை நடத்துவோர். ஊரவையாகிய 'ஃபோனோ' கூடுங்கால், சுவரற்ற வட்டக் கூடத்தின் எந்தத் தூணருகே எவர் அமர்தல் வேண்டும் என்பதும் முறைப்படி வகுக்கப்பட்டுள்ளது. 'ஆவா' என்னும் வேர்ச்சாறு வழங்கும்போது, இன்னார்க்கு இக்கிண்ணம் என்று ஒவ்வொருவரின் பட்டமும் உரத்த குரலில் விளிக்கப்பெறும். அவ்வரிசை பிறழின் அது பெருங்குற்றம்.

இம்முறையனைத்தும் நின்று நிலவுவது மொழியின் மேலேயாம். சமோவ மொழியில் மதிப்புச் சொற்கள் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. பொதுவான வீடு 'ஃபலே'. அலியியின் வீடு 'மவோத்தா'. துலாஃபலேயின் வீடு 'இலாவோவா'. எளியாரை 'வா' எனற்கு ஒரு சொல். அலியியை வரவேற்றற்கு வேறு சொல். துலாஃபலேக்கு மற்றொரு சொல். எத்துணை உயர்ந்தவராயினும் தம்மைக் குறிக்குங்கால் எளிய சொல்லையே ஆளுவர். உயர்சொல் பிறர்க்கு மட்டுமே உரியது. ஒவ்வோர் ஊர்க்கும் அதன் பட்டங்களையும் குடிகளையும் முறைப்படி போற்றும் விளித்தொடர் ஒன்று உண்டு. அதனைப் பிழையின்றிச் சொல்ல அறியாதவன் அவ்வூர் அவையில் வாய்திறத்தல் அரிது. எழுத்தின்றியே இத்துணை நுண்ணிய சொல்லாட்சியை நெஞ்சிற் கொண்டு வாழ்ந்த மக்களையே, வந்தேறிய கப்பலினர் 'காட்டு விலங்காண்டிகள்' என்று எழுதினர்.

1722ஆம் ஆண்டு சூன் திங்களில், ஒல்லாந்தராகிய உரோக்கவீன் என்பவரின் கப்பல்கள் மனுவாத் தீவுகளை அணுகின. கப்பலினர் தரையில் குடிகொள்ளவில்லை. கடல்மேலே சிறிது பண்டமாற்றுச் செய்து சென்றனர். அவருள் ஒருவர், தீவினர் இன்சொல்லும் நன்னடையும் உடையவர் என்றும், அரைக்குக் கீழே பட்டினால் நுண்ணிதின் நெய்த ஆடை அணிந்தவர் என்றும் எழுதிவைத்தார். அவர் கண்டது ஆடையே அன்று. அரை முதல் முழங்கால் வரை சமோவ ஆடவர் உடலிற் குத்திக்கொள்ளும் பச்சைக்கோலம் அது. அதனை அவர்கள் 'தாத்தாவு' என்பர். பாலினீசிய மொழிகளுக்குப் பொதுவான அச்சொல்லே பின்னர் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, இன்று உலகெங்கும் பச்சைகுத்தலுக்குப் பெயராய் வழங்குகிறது. சொல்லைக் கடன்கொண்டவர்கள், முதன்முறை கண்டபோது அப்பொருளைக்கூட அறிந்திலர்.

1768ஆம் ஆண்டு மே திங்களில் பிரெஞ்சியராகிய பூகன்வில் வந்தார். ஓடுகின்ற தம் கப்பலையே சுற்றிச் சுற்றி விரைந்து வந்த சமோவக் கலங்களைக் கண்டு வியந்து, அத்தீவுகட்குக் 'கடலோடிகள் தீவுகள்' என்று பெயரிட்டார். பெயர் பாராட்டுரையே, ஐயமில்லை. ஆயினும், உங்கள் நாட்டின் பெயர் யாது என்று கேட்டறிய இயலாதவர் இட்ட பெயர் அது. ஐரோப்பியப் படங்களில் நூறாண்டுக்கு மேலும் அப்பெயரே ஆட்சி செய்தது.

மூன்றாவதாக வந்தவர் இலாப்பெரூசு. அவரும் பிரெஞ்சியரே. 1787ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அவருடைய இரு கப்பல்களும் துத்துயிலாத் தீவை அடைந்தன. இரும்புக் கோடரியையும் துணியையும் விரும்பாது, நீலக் கண்ணாடி மணிகளையே தீவினர் பெரிதும் விழைந்தனர். இது வந்தவர்க்குப் பேதைமையாகத் தோன்றிற்று. முதல்நாளே சிறு பூசல்கள் நிகழ்ந்தன. கப்பலின் படகிலேறிக் கப்பலாள் ஒருவனை அடித்த தீவினன் ஒருவன் கடலில் தூக்கியெறியப்பட்டான். எனினும், உடன்வந்த அறிவியல் வல்லுநராகிய இலாமனோன் என்பார், இம்மக்கள் ஐரோப்பியரினும் சிறந்தவர் என்று புகழ்ந்துரைத்தார்.

மறுநாள், 11ஆம் நாள், இரண்டாம் கப்பலின் தலைவராகிய தெ இலாங்கில் என்பவர் நன்னீர் கொள்ளும் பொருட்டு நான்கு படகுகளில் அறுபதின்மர் அளவினரோடு ஆசு என்னும் சிறு குடாவுக்குச் சென்றார். ஓதம் வற்றியிருந்தமையின் பெரும்படகுகள் தரைதட்டி நின்றன. கரையிற் கூட்டம் ஆயிரத்துக்கு மேற் பெருகிற்று. கூட்டத்தை அமைதிப்படுத்தக் கருதி, தலைவர்போல் தம் கண்ணுக்குத் தோன்றிய ஒரு சிலர்க்கு மட்டும் தெ இலாங்கில் மணிகளை வழங்கினார். பெறாதவர் சினந்தனர், கற்கள் பறந்தன, துமுக்கிகள் வெடித்தன. தெ இலாங்கிலும் இலாமனோனும் உட்படப் பன்னிருவர் மாண்டனர். சமோவர் தரப்பில் மாண்டோர் முப்பதின்மர் அளவினர் எனப்படுகின்றனர்.

இந்நிகழ்ச்சியில் முழுப்பழியையும் ஒருவர் மேற் சுமத்துதல் முறையாகாது. தெ இலாங்கில் கொடியவர் அல்லர். இரக்கத்தால் கடைசி வரை சுடாது பொறுத்தார் என்று இலாப்பெரூசே எழுதியுள்ளார். இலாப்பெரூசும், கையெட்டும் தொலைவில் தம் கப்பலைச் சூழ்ந்திருந்த கலங்களிலுள்ளார் மேல் பழிதீர்க்காது சென்றார். இவை போற்றத்தக்கனவே. ஆனால், பட்டம் எது, வரிசை எது என்று அறியாதவர், கிண்ணம் வழங்குவதற்கும் வரிசை வகுத்து வாழும் மக்களின் நடுவே நின்று, கண்ணுக்குத் தோன்றியவர்க்கெல்லாம் பரிசு வழங்கினால் விளைவு வேறென்னவாக இருத்தல் கூடும்? ஒருவர்க்குக் கொடுத்து மற்றவரை விடுத்தது அங்கே வெறும் கொடையின்மையன்று. ஊரறிய நிகழ்ந்த மானக்கேடு. தலைவர் யாவர் என்று வினவுதற்கு ஒரு சொல் அவரிடம் இருந்திருப்பின், அன்று அக்கரையில் குருதி சிந்தாமலே போயிருக்கலாம்.

இனி அதன் பின்விளைவைக் காண்க. இலாப்பெரூசின் கப்பல்கள் 1788இல் வனிக்கோரோத் தீவருகே உடைந்து மூழ்கின. ஆனால், அவர் முன்னரே ஆத்திரேலியக் கரையிலிருந்து அனுப்பி வைத்த குறிப்புகள் தப்பிப் பிழைத்து, 1797இல் பாரிசு நகரில் நூலாயின. முன்னாள் 'ஐரோப்பியரினும் சிறந்தவர்' எனப்பட்டோர் அந்நூலில் 'கொடிய காட்டாண்டிகள்' ஆயினர். புகழ்ந்தவரும் இகழ்ந்தவரும் அம்மொழியில் ஒரு சொல்லும் அறியார் என்பதே இங்கு எண்ணத்தக்கது. ஆசு என்னும் ஊர்க்குடா படங்களில் 'படுகொலைக் குடா' ஆயிற்று. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் ஐரோப்பியக் கப்பல்களுட் பல சமோவக் கரையை அஞ்சி விலகின. 1883இல் பிரெஞ்சியர் தம் மாண்டார்க்கு அங்கே நினைவுக்கல் நாட்டினர். மாண்டாரை நினைத்தல் எவர்க்கும் உரியதே. ஆயின், அன்று மாண்ட சமோவர் ஒருவரின் பெயரேனும் அக்கப்பல் ஏட்டில் இல்லை. பெயரும் பட்டமுமே உயிரெனக் கொண்ட மக்கள், பெயரற்ற கூட்டமாக வரலாற்றில் எழுதப்பட்டனர்.

மொழியறிந்தார் ஒருவர் இடைநின்றால் நிலைமை எத்துணை வேறுபடும் என்பதை 1830ஆம் ஆண்டு காட்டிற்று. இலண்டன் சமயப் பரப்புக் கழகத்தைச் சேர்ந்த சான் வில்லியம்சு அவ்வாண்டில் சவாயித் தீவின் சப்பப்பாலியி ஊரில் வந்திறங்கினார். அவரோடு வந்த ஃபவுவேயா என்னும் சமோவர், தொங்காத் தீவிலிருந்து தாயகம் திரும்பியவர். தம் மக்களின் ஆடலையும் விளையாட்டையும் எடுத்தவுடனே கண்டிக்கத் தொடங்காதீர் என்று முன்கூட்டியே அறிவுரை கூறியவர் அவரே. தலைவர் மலியேத்தோவாவிடம் பேசத்தக்க முறையிற் பேசியவரும் அவரே. வில்லியம்சு அங்கே விட்டுச் சென்ற ஆசிரியர் எண்மரும் ஐரோப்பியர் அல்லர், பாலினீசியத் தீவினரே. ஐம்பதாண்டுக்குள் நாடு முழுதும் கிறித்துவம் பரவிற்று.

அதன்வழி எழுத்தும் வந்தது. பதினான்கே எழுத்துகளில் சமோவ மொழி வரிவடிவம் பெற்றது. 1839இல் அச்சு இதழ் தோன்றிற்று. 1855இல் முழு விவிலியமும் சமோவ மொழியில் வெளிவந்தது. 1862இல் பிராட்டு என்பாரின் இலக்கணமும் அகரமுதலியும் அச்சாயின. வந்த சமயம் இரவுக்கூத்துகளை ஒழித்தது. பச்சைக்கோலத்தையும் ஒழிக்க முயன்றது. அவ்விழப்புகளை மறைத்தல் ஆகாது. ஆயினும், சமயம் மாறிய மக்கள் மொழி மாறவில்லை. புதிய கடவுளையும் அவர்கள் தம் மதிப்புச் சொற்களாலேயே விளித்தனர்.

புதுப்பொருள்களுக்கு அவர்கள் பெயரிட்ட திறமும் அறியத்தக்கது. மரவுரியிற் கோலம் தீட்டுதலைக் குறித்த 'துசி' என்னும் சொல்லையே எழுதுதலுக்கும் நூலுக்கும் ஆக்கினர். கல்விக்கூடத்தை, கற்றல் கற்பித்தல் என்னும் பொருளுடைய வேரினின்று 'ஆஓங்கா' என்றனர். மருத்துவமனை 'ஃபலேமாயி', அஃதாவது நோய்வீடு. வானூர்தி 'வாஅலெலே', அஃதாவது பறக்கும் கலம். அயற்சொல் அவர்களிடம் புகவில்லை எனல் பொய்யாகும், புகுந்தவை பல. ஆயின், புகுந்தவை சமோவ ஒலிக்கேற்ப உருமாறிய பின்னரே வழங்கின. தம்மிடம் வந்து வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் சுட்டீவன்சனுக்கும் அவர்கள் 'துசித்தாலா' என்று பெயரிட்டனர். கதை எழுதுவோன் என்பது அதன் பொருள். பெயரிடும் உரிமையை இங்கே அவர்களே கையாண்டனர்.

மொழி காத்த அம்மக்கள் தம் நாட்டைக் காக்கத் தடுமாறினர். பட்டங்களுக்கான உட்பூசல்கள் போராய் மூண்டன. போருக்குத் துமுக்கி வேண்டித் தலைவர்கள் நிலத்தைத் தாள்களில் எழுதிக் கொடுத்தனர். அயலார் கேட்ட நிலவுரிமைகளைக் கூட்டிப் பார்த்தபோது, அது சமோவாவின் முழுப்பரப்பினும் இருமடங்குக்கு மேலாயிற்று. 1889ஆம் ஆண்டுப் பெர்லின் உடன்படிக்கையின்படி அமைந்த ஆய்வுக் குழு, அவற்றுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதையே ஒப்புக்கொண்டது. செருமனியும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அவ்வுட்பூசலிற் புகுந்து ஆளுக்கொரு பக்கம் தூண்டின. 1899இல் மேலைத் தீவுகள் செருமனிக்கும் கீழைத் தீவுகள் அமெரிக்காவுக்கும் எனப் பங்கிடப்பட்டன. பிரித்தானியா வேறிடங்களில் ஈடு பெற்று விலகிற்று. ஒரே மொழியும் ஒரே குருதியும் உடைய நாட்டை இரண்டாக்கிய அவ்வொப்பந்தத்தில் சமோவர் ஒருவரின் கையெழுத்தும் இல்லை. உடன்பிறந்தார் பூசலுக்கு அயலானை நடுவனாக அழைத்தவர் எய்திய பயன் இது.

1914இல் மேலைச் சமோவா நியூசிலாந்தின் கைக்கு மாறிற்று. 1918 நவம்பர் 7ஆம் நாள், ஆக்குலாந்திலிருந்து வந்த 'தலூன்' என்னும் கப்பல், நோயாளிகளோடு தடையின்றிக் கரைசேர விடப்பட்டது. கொடிய சளிக்காய்ச்சல் பரவி, ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். மக்கள்தொகையில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கப்பல்களைத் தடுத்துக் காத்த அமெரிக்கச் சமோவாவில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. மாண்டாருள் முதியோர் பலர். ஊர்களின் விளித்தொடர்களையும் கால்வழிகளையும் நெஞ்சிற் சுமந்தவர் அவர்களே ஆதலின், எரியுண்ட நூலகம்போல் அவ்வறிவு அவர்களோடு மறைந்தது.

இதற்குப் பின்னும் ஆள்வோர் அம்மக்களின் உயிர்நிலையைத் தொட்டனர். 1922ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மத்தாய்மாரின் பட்டத்தைப் பறிக்கவும் அவர்களை ஊரினின்று அகற்றவும் நியூசிலாந்து ஆட்சியாளர்க்கு உரிமை தந்தது. குடியினர் தந்த பெயரைக் கோட்டை அலுவலன் பறிப்பதா? இவ்வினாவினின்றே 'மவு' என்னும் இயக்கம் வலுப்பெற்றது. உறுதியாகப் பற்றிநிற்றல் என்பது அச்சொல்லின் பொருள். வரி கொடாது, அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை விடாது, வெண்கோடிட்ட நீல ஆடையுடுத்து அறவழியில் நின்றனர். 1929 திசம்பர் 28ஆம் நாள் ஆப்பியா நகரில் நடந்த ஊர்வலத்தில் காவலர் சுட்டனர். அமைதி காக்குமாறு தம் மக்களை வேண்டிக் கைதூக்கி நின்ற தலைவர் துப்புவா தமசேசே இலேயாலோஃபி குண்டடிபட்டு மறுநாள் மாண்டார். பழிக்குப் பழி வேண்டா என்பதே அவர் இறுதி விருப்பம். மக்கள் அதனைக் காத்தனர். முப்பதாண்டு கழித்து, 1962 சனவரி முதல் நாள் மேலைச் சமோவா விடுதலை பெற்றது. 1997இல் 'மேலை' என்னும் அடையை நீக்கித் தன் பழம்பெயரையே நாட்டின் பெயராக்கிக் கொண்டது. 2002இல் நியூசிலாந்துத் தலைமை அமைச்சர் எலன் கிளார்க்கு, தம் நாடு இழைத்த தீங்குகளுக்காக ஆப்பியாவில் மன்னிப்புக் கோரினார்.

இன்றும் அந்நாட்டு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு குடிகளின் பொதுவுடைமையாகவே உள்ளது. பட்டங்கள் வழங்குகின்றன, ஊரவைகள் கூடுகின்றன, விளித்தொடர்கள் ஒலிக்கின்றன. ஆயினும் அச்சம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. பிழைப்பு நாடிக் கடல்கடந்த சமோவர் பல்லாயிரவர். நியூசிலாந்தில் ஆங்கிலத்துக்கும் மாவோரிக்கும் அடுத்து மிகுதியாகப் பேசப்படும் மொழி சமோவமே. எனினும், அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளின் நாவில் தாய்மொழி தளர்ந்து வருகிறது. மதிப்புச் சொல் அறியாத பிள்ளை, தன் பாட்டன் ஊரின் அவையில் வாய்திறக்க இயலாது கைகட்டி நிற்கும். 1787இல் ஆசுக் கரையில் மணிகளை ஏந்திய அயலான் நின்ற நிலைக்கும் அப்பிள்ளை நிற்கும் நிலைக்கும் வேறுபாடு எத்துணை?

துமுக்கிக்கும் நோய்க்கும் சட்டத்துக்கும் தப்பிய மொழி, வீட்டுக்குள்ளேயே பேசாது விடப்பட்டால் எதனாலும் தப்பாது. அயலான் தம்மை அறியாது எழுதிய ஏட்டைத் திருத்தும் கடமை ஒருபுறம் இருக்க, தம் பிள்ளைகள் தம்மை அறியாது வளரா வண்ணம் காக்கும் கடமையே அதனினும் முற்பட்டது. சமோவத் தாய்மார் அதனை உணர்ந்து, நியூசிலாந்து நகரங்களிலும் மழலையர்க்குத் தம் மொழியிலேயே பாடலும் பேச்சும் பயிற்றும் பள்ளிகளை நடத்தி வருகின்றனர். அப்பள்ளிகளில் ஒலிக்கும் மழலைச் சொல்லில்தான் சமோவாவின் அடுத்த ஈராயிரம் ஆண்டும் அடங்கியிருக்கிறது.